எதிர்வாசல் முகம்

அந்த முகத்தை நான் முதலில் பார்த்தது ஒரு திங்கட்கிழமைக் காலை. கல்லூரிக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தேன். எதிர் வீட்டு நிலைக்கு மேலே, முந்தின நாள் வரை வெறும் சுவராக இருந்த இடத்தில், ஒரு கறுப்பு முகம் மாட்டியிருந்தது. பிதுங்கிய கண்கள், முறுக்கிய மீசை, இரண்டு பக்கமும் கோரைப்பல், வெளியே தொங்கும் சிவப்பு நாக்கு. அதன் கீழே கறுப்புக் கயிற்றில் ஒரு படிகாரக் கட்டி.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எங்கள் மேடவாக்கத்தில் பாதி கட்டி நிற்கும் எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் முதல் மாடியில் இந்த முகம் தொங்கும். தாம்பரம் மார்க்கெட்டில் பூசணிக்காயோடும் எலுமிச்சம்பழத்தோடும் சேர்த்து விற்பார்கள். ஆனால் எங்கள் மூன்றாவது மாடியில் இருப்பது இரண்டே வீடுகள். அவர்கள் வாசலுக்கு நேரே இருப்பது எங்கள் வாசல் மட்டும்தான்.

எனக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை இறந்தே பிறந்து அப்போது அரை வருடம் ஆகியிருந்தது. எதிர் வீட்டுப் பெண் தன் கைக்குழந்தையோடு அம்மா வீட்டிலிருந்து திரும்பி வந்தது அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை.

நாங்கள் இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் உண்டாகியிருந்தோம். அவள் எனக்கு ஒரு மாதம் பின்னால். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். சாயங்காலம் மொட்டை மாடியில் சேர்ந்து நடப்போம். "அக்கா, உங்களுக்கும் கால் வீங்குதா? ராத்திரி புரண்டு படுத்தா கொழந்தைக்கு ஏதாவது ஆவுமா?" என்று என்னவோ எனக்கு எல்லாம் தெரியும் என்பதுபோல் கேட்பாள். நானும் படித்ததை வைத்துப் பதில் சொல்வேன். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்த பிறகு அவள் மாடிக்கு வரவில்லை. கொஞ்ச நாளில் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். குழந்தையோடு அவள் திரும்பி வந்தபோது, பார்த்துக்கொள்ள அவள் மாமியாரும் தன் ஊரான சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து வந்து சேர்ந்தார். அந்த முகத்தை மாட்டியது அவர்தான் என்பதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்று கதவைப் பூட்டும்போது முதுகில் ஏதோ ஊர்வதுபோல இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து தாம்பரம் போய்ச் சேரும்வரை அது போகவில்லை.

நான் தாம்பரம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லித்தருகிறேன். கோயில் கட்டடக்கலை என் பாடம். அந்த முகத்தின் வம்சாவளி எனக்கு ஓரளவு தெரியும் என்பதுதான் இதில் வேடிக்கை. படிப்பில் அதற்குக் கீர்த்திமுகம் என்று பெயர். நம் கோயில்களில் சாமிக்குப் பின்னால் இருக்கும் திருவாசியின் உச்சியைப் பார்த்தால் தெரியும்: வாயைப் பிளந்துகொண்டு ஒரு முகம், அதன் வாயிலிருந்து இரண்டு பக்கமும் கொடி வழிந்து இறங்கும். விமானத்தில் குதிரை லாடம்போல வளைந்திருக்கும் கூடுகளின் தலையிலும் இருக்கும். பல்லவர் காலத்தில் அந்த உச்சி மண்வெட்டிபோலத் தட்டையாக இருந்தது. சோழர் காலத்தில் அந்த இடத்தில் ஒரு சிங்கமுகம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு கோயில் எந்தக் காலத்தது என்று கண்டுபிடிக்க இதைப் பாருங்கள் என்று ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

அந்த வாரம் நான் வேறு எதையும் படிக்கவில்லை. நூலகத்தில் இருந்த பழைய புத்தகங்கள், இணையத்தில் கிடைத்த கட்டுரைகள், எல்லாவற்றிலும் அந்த முகத்தையே தேடினேன். வடக்கே குகைக் கோயில் தூண்களில் அது முத்துச்சரங்களைக் கக்கிக்கொண்டு இருந்தது. கடல் தாண்டி ஜாவாவில், கோயிலுக்குள் நுழையும் வாசலின் மேலேயே பிரம்மாண்டமாக உட்கார்ந்திருந்தது. அங்கே பல இடங்களில் அதற்குக் கீழ்த்தாடையே இல்லை. வாசல்தான் அதன் வாய். உள்ளே போகிறவர் அந்த வாய்க்குள்தான் போக வேண்டும். கிரேக்கத்தில் நாக்கைத் தொங்கவிட்டு, பாம்புத் தலைமுடியோடு, கோயில் முகப்பிலும் போர்க் கேடயத்திலும் மதுக் கிண்ணத்தின் அடியிலும் ஒரு பெண்முகம் இருந்தது. சீனத்தில் நம் கோயில்களுக்கெல்லாம் வெகு காலம் முந்திய வெண்கலப் பாத்திரங்களில் கண்ணை உருட்டிக்கொண்டு ஒரு முகம் இருந்தது. தலை உண்டு, உடம்பு இல்லை; தீராப் பசிக்காரன் என்று பின்னால் வந்தவர்கள் அதற்கு விளக்கம் சொல்லியிருந்தார்கள்.

இதெல்லாம் ஒரே இடத்தில் பிறந்து பரவியதா, இல்லை பயம் எங்கே இருந்தாலும் அதற்கு இப்படித்தான் முகம் வருமா என்பதில் அறிஞர்களுக்குள் ஒற்றுமை இல்லை. ஜாவாவுக்கு இங்கிருந்து போனது என்பதில் சந்தேகம் இல்லை. கிரேக்கத்துக்கும் நமக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். சீனத்து முகத்தைத் தனியாக விட்டுவிடுங்கள் என்கிறார்கள் பலர். யார் செதுக்கினார்கள், எந்த வழியாகப் போயிருக்கும், எந்த நூற்றாண்டில் கொம்பு முளைத்தது, எப்போது தாடை போயிற்று என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். நான் தேடியது வேறு. வாசலில் இருந்து வெளியே பார்க்கிற முகம் என்றால், வெளியே யாரோ இருக்க வேண்டும். அது யார், அவர்களுக்கு எப்படி இருந்தது என்று ஒருவரும் எழுதவில்லை.

"இவ்ளோ படிக்கிறியே, அவங்களயே ஒரு வார்த்த கேட்டுடேன்" என்றார் என் கணவர். ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். எதையும் நேரில் கேட்டுத் தீர்த்துவிடலாம் என்று நம்புகிற ஆள்.

"என்னன்னு கேக்கறது?"

"அது எல்லார் வீட்லயும் மாட்டறதுதான. நீயா ஏதாவது நெனச்சுக்காத."

"நம்ம வாசலப் பாத்து மாட்டியிருக்காங்க."

"அவங்க வாசலுக்கு முன்னாடி நம்ம வாசல் இருந்தா அவங்க என்ன பண்ணுவாங்க?"

அதன் பிறகு நான் கதவைத் திறக்கும் முன் காதை வைத்துக் கேட்கத் தொடங்கினேன். எதிர்ப்பக்கம் தாழ்ப்பாள் சத்தமோ குழந்தையின் சிணுங்கலோ கேட்டால் உள்ளேயே நின்றுகொள்வேன். லிப்ட் இறங்கிப் போனதும்தான் வெளியே வருவேன். ஒரு தடவை கணக்குத் தப்பிவிட்டது. அவள் குழந்தையோடு வாசலில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். அதே சமயம் அவள் கை, தானாகவே, துண்டை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடியது. வெயிலுக்கு மூடினாள் என்று சொல்ல அங்கே வெயில் இல்லை.

அடுத்த வாரம் வகுப்பில் அந்தப் பாடமே வந்தது. தள்ளிப்போட்டிருக்கலாம். தள்ளிப்போடவில்லை. திரையில் படங்களைக் காட்டிக்கொண்டே போனேன். முன் வரிசையில் இருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"மேம், சாமி இருக்கற எடத்துல எதுக்கு மேம் இவ்ளோ கொடூரமா ஒரு மூஞ்சி?"

நல்ல கேள்வி என்று சொல்லி, அதற்குச் சொல்லும் புராணக் கதையை ஆரம்பித்தேன். ஓர் அசுரன் தூதனை அனுப்பிப் பார்வதியைத் தனக்குக் கேட்கிறான். சிவனுக்கு வந்த கோபத்திலிருந்து எலும்பும் தோலுமாக ஒரு பூதம் பிறக்கிறது. பிறக்கும்போதே பசி. தூதனை விழுங்கப் பாய்கிறது. அவன் சிவனின் காலில் விழுந்து பிழைத்துவிடுகிறான். அப்படியானால் நான் எதைத் தின்பது என்று பூதம் கேட்கிறது. உன்னையே தின்றுகொள் என்கிறார் சிவன். அதுவும் தின்னத் தொடங்குகிறது.

"முதல்ல பாதம்" என்றேன். "அப்புறம் முழங்கால், தொடை. அப்புறம் வயிறு..."

அந்த இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. இருமல் என்று நினைத்துத் தொண்டையைச் செருமினேன். மறுபடி "வயிறு" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. என் கை என் வயிற்றின் மேல் இருந்தது. எத்தனை நேரமாக இருந்தது என்று தெரியவில்லை. பிள்ளைகள் முதலில் குறிப்பு எழுதக் காத்திருந்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முந்தின வருடம் மேடிட்ட வயிற்றோடு அவர்கள் முன்னால் நின்றவள் நான். அவர்களுக்கு எல்லாம் தெரியும். ஒரு பெண் எழுந்து வந்து தண்ணீர் பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

மீதிக் கதையை நான் சொல்லவில்லை. கடைசியில் முகம் மட்டும் மிஞ்சியதும், சிவன் அதை மெச்சி, இனி நீ என் வாசலில் இரு என்றதும் அவர்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

அன்று சீக்கிரமாகவே கிளம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்தால் கரண்ட் இல்லை. கீழே தண்ணீர் லாரி நின்று தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தது. லிப்ட் ஓடாததால் படியேறினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில், கீரையும் காயும் நிறைந்த பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எதிர் வீட்டு மாமியார் படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"இன்னாம்மா, காலேஜ் வுட்டாச்சா?" என்றார்.

"விட்டாச்சும்மா. ஏன் இங்கயே உக்காந்துட்டீங்க?"

"லிப்ட் நின்னுகினு கீது. முட்டி ஏற மாட்டேங்குது. நீ போ, நான் மெதுவா வரேன்."

நான் அவர் பையைக் கையில் எடுத்தேன். அப்படியே மேலே போயிருக்கலாம். வகுப்பில் வராத குரல் அங்கே வந்தது.

"அந்த மூஞ்சிய எங்களப் பாத்துதான மாட்டினீங்க?"

இல்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அதற்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் பல நாளாக மனசுக்குள் எழுதி வைத்திருந்தேன்.

"ஆமாம்மா" என்றார்.

பையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டேன்.

"உன்ன கெட்டவன்னு சொல்லல. நீ நல்ல பொண்ணுன்னு என் மருமவ சொல்லிகினேதான் கீறா. ஆனா வயிறு எரியற பொம்பள பார்வ அவ கையில இல்லம்மா. அதுபாட்டுக்குப் போவும்."

"நான் அந்தக் கொழந்தைய சரியா பாத்ததுகூட இல்ல."

"அதான் எனக்கு பயம். வந்து தூக்கிக் கொஞ்சியிருந்தா எனக்கு ஒண்ணுமில்ல. நீ பாக்காத மாதிரி பாக்கற."

பை கனத்தது. கீழே லாரியின் மோட்டார் சத்தம் படிக்கட்டு முழுவதும் அதிர்ந்துகொண்டிருந்தது. அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"என் புள்ளைக்கு முன்னாடி எனக்கு ரெண்டு போச்சு. ரெண்டாவது போனப்ப, பக்கத்து வூட்டுக்காரியும் என்கூடவேதான் முழுகாம இருந்தா. அவளுக்கு ஆம்பளப் புள்ள பொறந்துச்சு. அத நான் எப்டி பாத்தேன்னு எனக்குத்தான் தெரியும். வேற யாருக்குத் தெரியும்? அவ எங்க வூட்டப் பாத்து இதே மாதிரி ஒரு மூஞ்சிய எழுதி மாட்டினா. பூசணிக்காயில, சுண்ணாம்பும் கரியும் வெச்சு எழுதினது."

"நீங்க கேக்கலியா?"

"இன்னா கேக்கறது? கேட்டா இப்ப நான் சொன்னதத்தான் அவளும் சொல்லியிருப்பா."

கம்பியைப் பிடித்து எழுந்தார். நான் அவருக்குப் பின்னால் ஒவ்வொரு படியாக ஏறினேன். அவர் வாசலுக்கு வந்ததும் பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். உள்ளே வா என்று சொல்லவில்லை. கதவைச் சாத்தும்போது மட்டும், "சாப்புடும்மா, எளைச்சிக்கினே போற" என்றார்.

ஜாவாவுக்கு அந்த முகம் கப்பலில் போயிருக்கும் என்று நான் படித்திருந்தேன். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து மேடவாக்கத்துக்கு அது எப்படி வந்தது என்பதை அந்தப் படிக்கட்டில்தான் கேட்டேன். கேட்டு எனக்கு ஆறுதல் ஒன்றும் வரவில்லை. அவர் சொன்னது பொய் என்று சொல்ல முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் கதவுக்குப் பின்னால் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தது தாழ்ப்பாள் சத்தத்தை மட்டும்தானா? அந்தச் சிணுங்கலை நான் கேட்டுக்கொண்டே நின்ற நேரங்கள் உண்டு. சிணுங்கல் நின்ற பிறகும் நின்றிருக்கிறேன்.

கணவர் வந்ததும் சொன்னேன். அவர் ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

"அவங்க வாயாலயே சொன்னாங்களா? உன் மூஞ்சிக்கு நேராவா?"

"விடுங்க. அவங்களுக்கும்..."

"என்னத்த விடறது? இவ்ளோ நாளா நான்தான் உன்ன சும்மா இருன்னு சொல்லிட்டு இருந்தேன்."

போய் எதிர்க் கதவைத் தட்டினார். நான் எங்கள் வாசலில் நின்றேன். அவர் அப்படித் தட்டி நான் பார்த்ததில்லை. கதவைத் திறந்தது அந்தப் பெண். தோளில் குழந்தை. அது தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது. துண்டு இல்லை, மறைப்பு இல்லை. கண் கொட்டாமல் பார்த்தது. அவர் ஏதோ சொல்லத் திறந்த வாய் அப்படியே நின்றது.

"என்னண்ணா?" என்றாள் அவள்.

"ஒண்ணுமில்ல... தண்ணி லாரி வந்துச்சான்னு கேக்கலாம்னு."

"மத்தியானமே வந்துடுச்சுண்ணா."

"சரிம்மா" என்றார்.

உள்ளே வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். குழாயைத் திறந்து விட்டிருந்தார். ஆனாலும் கேட்டது. குழந்தை போனதிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தார், சமைத்தார், ஆபீசுக்குப் போனார். அவருக்கு அவ்வளவுதான் போலிருக்கிறது என்று உள்ளூர ஒரு கோபம்கூட எனக்கு இருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். ஈரத் தரையில் பேன்ட் நனைய உட்கார்ந்திருந்தார்.

"அதே நெத்தி" என்றார். "நம்மளுதுக்கும் இதே மாதிரி அகலமா இருந்துச்சு. நீ பாக்கல. நான் பாத்தேன்."

எனக்குக் காட்டவில்லை. மயக்கம் தெளிவதற்குள், பார்த்தால் தாங்கமாட்டாள் என்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். பெண் குழந்தை என்று மட்டும் சொன்னார்கள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்தத் தரையில் உட்கார்ந்துதான் அவர் எல்லாம் சொன்னார். முடி நிறைய இருந்ததாம். ஒரு காது மடங்கி இருந்ததாம். அவரும் அவர் அண்ணனும் வெள்ளைத் துணியில் சுற்றி ஆட்டோவில் எடுத்துப் போனார்களாம். மடியில் அவர்தான் வைத்துக்கொண்டாராம்.

"எங்க?" என்று கேட்டேன்.

"பெரும்பாக்கம் தாண்டி. அங்க ஒரு இடம் இருக்கு."

"என்னக் கூட்டிட்டுப் போங்க."

அவர் தலையை ஆட்டினார். ஆனால் அந்த வாரமும் அடுத்த வாரமும் போகவில்லை.

இதற்கிடையில் ஒரு நாள் மத்தியானம் எதிர் வீட்டுப் பெண் குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். மாமியார் ஊருக்குப் போயிருக்கிறார் என்றாள். உட்காரச் சொன்னேன், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அத்த உங்ககிட்ட பேசினத எங்கிட்ட சொன்னாங்க. எனக்கு ரொம்ப கஷ்டமாப் போச்சு. அத கழட்டிடவா? அவங்க வந்து கேட்டா காத்துல விழுந்துடுச்சுன்னு சொல்லிக்கறேன்."

"வேணாம்" என்றேன்.

யோசிக்காமல் வந்த பதில். சொன்ன பிறகுதான் ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது.

"ஏங்க்கா?"

"நீ அத எடுத்து, நாளைக்குக் கொழந்தைக்கு ஒரு காய்ச்சல் வந்தா?"

அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது அக்கா என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் குழந்தையை இன்னும் கொஞ்சம் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இந்த ஊரில் கல்லூரிப் படிப்பு படித்த இரண்டு பெண்கள், மின்விசிறிக்குக் கீழே, ஒரே பயத்தோடு உட்கார்ந்திருந்தோம். அவளுக்காவது பெற்ற பிள்ளை மேல் பயம். எனக்கு என் மேலேயே பயம்.

"தூக்கறீங்களா?" என்று கேட்டாள். கேட்க அவளுக்கு என்ன பாடு என்பது குரலில் தெரிந்தது.

"கை கழுவிட்டு வரேன்" என்று எழுந்து போனேன். சோப்புப் போட்டேன். மறுபடி போட்டேன். விரல் இடுக்குகளையெல்லாம் தேய்த்தேன். துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வரும்போது குழந்தை அழ ஆரம்பித்திருந்தது; அவள் வாசலருகே நின்று அதைத் தட்டிக்கொண்டிருந்தாள். "பசிக்குது போல. அப்புறம் வரேங்க்கா." சரி என்றேன். எப்போது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது லிப்டில் பார்த்தால் பேசிக்கொள்கிறோம். பல் முளைப்பதைப் பற்றி, தடுப்பூசியைப் பற்றி. நான் குழந்தையை நேராகப் பார்த்தே பேசுகிறேன். அது எனக்குச் சுலபமாக இல்லை.

வீட்டை மாற்றினீர்களா என்று இதைக் கேட்ட ஒரு தோழி கேட்டாள். இல்லை. இன்னும் அங்கேதான் இருக்கிறோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் காலையிலேயே வண்டிச் சாவியை எடுத்தார். எங்கே என்று நான் கேட்கவில்லை. பெரும்பாக்கத்தில் வரிசையாக நிற்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளைத் தாண்டி, துணிகள் காயும் அத்தனை ஜன்னல்களையும் தாண்டிப் போனோம். இடுகாட்டின் ஒரு பக்கத்தில் புதிதாகச் சுவர் எழுப்பியிருந்தார்கள். எங்கிருந்தோ கொண்டுவந்து கொட்டிய கட்டட இடிபாடு ஒரு மூலையை மேடாக்கியிருந்தது. மழைக்குப் பிறகு எங்கும் புல்.

அவர் வேகமாக நடந்து போய் ஓர் இடத்தில் நின்றார். "இங்கதான்" என்றார். பிறகு திரும்பிப் பார்த்தார். "இல்ல. அப்ப இந்தச் சுவர் இல்ல. அந்தப் பக்கம் ஒரு முள்ளு மரம் இருந்துச்சு." கொஞ்சம் தள்ளிப் போனார். புல்லைக் காலால் விலக்கினார். மறுபடி பழைய இடத்துக்கு வந்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அண்ணனுக்கு போன் பண்ணிக் கேக்கறேன்."

"வேணாம்" என்றேன்.

அவர் முதலில் நின்ற இடத்துக்கும் அடுத்து நின்ற இடத்துக்கும் நடுவில், புல்லில் உட்கார்ந்துகொண்டேன். மண் ஈரமாக இருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சிறிது நேரம் கழித்து அவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எந்தக் காது மடங்கியிருந்தது என்று கேட்டேன். இடது காது என்றார்.